பளபளப்பைக் கடைசியில் பாருங்கள்

"ஆர்.டி. 350 ஒண்ணு அமைஞ்சிருக்கு, வந்து பாருங்க மாமா" என்று கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது கூப்பிட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி யார் பேர்ல இருக்கு?" ஓடுமா, புகை வருமா என்பதெல்லாம் பிறகு. மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராகவே காலத்தை ஓட்டியவனுக்கு வேறு கேள்வி வாயில் வராது. விபத்தில் நசுங்கிய வண்டிகளை இந்த ஊர்க் காவல் நிலையங்களின் முற்றத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்துப் பார்த்து, எதையும் கீழிருந்து மேலாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. வாங்க வருகிறவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள்: டேங்க், குரோம், மீட்டர். விற்கிறவருக்கும் அது தெரியும்.

இந்தியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் என்று பேச்செடுத்தால் அது சுற்றிச் சுற்றி ஆர்.டி.யிடம்தான் வரும். ஜப்பானில் யமஹா 1973-ல் விட்ட வண்டி. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். அங்கே அதன் காலம் முடிந்த பிறகு, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் 'ராஜ்தூத் 350' என்று பெயர் சூட்டி இங்கே இறக்கியது. ஜப்பான் வண்டிக்கு 39 குதிரைசக்தி. நம் சாலைக்கும் பெட்ரோல் செலவுக்கும் பயந்து அதை 30.5 ஆக அடக்கினார்கள். பிறகு இன்னும் அடக்கி 27 ஆக்கினார்கள். முன்னது ஹெச்.டி., பின்னது எல்.டி. அப்படி அடக்கிய பிறகும், அன்றைய 350 புல்லட்டின் 18 குதிரைசக்திக்கு முன்னால் இது வேறு ஜாதி. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து, பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடுங்கள் என்று விளம்பரம் செய்தது. அதே ஆண்டு ஆர்.எக்ஸ். 100 வந்து, பாதிச் செலவில் பாதிக்கு மேல் சுகம் கொடுத்தது. அந்தப் பத்தாண்டு முடியும்போது ஆர்.டி.யின் கதையும் முடிந்துவிட்டது. அன்று விற்காமல் போனதால்தான் இன்று லட்சக் கணக்கில் விலை பேசுகிறார்கள்.

எண்பதுகளில் சோழவரம் விமான ஓடுதளப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கொல்கத்தாக்காரர்களுக்கும் அவர்களுடைய பராக்பூர் ஓடுதளப் பழம்பெருமை உண்டு. அதை ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

காகிதத்துக்கு வருகிறேன். ஒரு வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 1984-ல் பதிவான ஆர்.டி. ஒழுங்காக வந்திருந்தால் 1999-லிருந்து பல தடவை புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து அந்த முத்திரைகளை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டோடு நின்றுபோயிருக்கும். பழைய நம்பர் என்றால், 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய வண்டி, 'டபிள்யூ'வில் தொடங்கும் மூன்றெழுத்து நம்பர். அது மத்திய அரசின் 'வாகன்' கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஏறாவிட்டால் பேப்பர் எத்தனை ஒழுங்காக இருந்தாலும் பெயர் மாற்ற முடியாது. பழைய லெட்ஜரைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அது உங்கள் அதிர்ஷ்டத்தையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மனநிலையையும் பொறுத்தது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நம்பரைப் 'பரிவாகன்' தளத்தில் தட்டிப் பார்த்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்பதைக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் பார்க்கலாம். இரண்டும் உட்கார்ந்த இடத்தில் நடக்கிற வேலை.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு வண்டி நிற்கும். அப்பா வாங்கியது, அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் மட்டும் அந்த வீட்டில். விற்கிறேன் என்று சொல்பவர் அந்த மூன்றாமவர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். சட்டப்படி அந்த வண்டி இன்னும் இறந்துபோனவர் பெயரில் இருக்கிறது. முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற பிள்ளைகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் எல்லாம் வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கான படிவம் 29-உம் 30-உம். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் தாதா" என்று ஒரு தரகர் வருவார். இறந்தவரின் கையெழுத்தை அவர் எப்படிப் பெறுவார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ஷியாம்பஜார் பக்கம் அப்படி ஒரு வண்டியைப் பார்க்க ஒரு பையன் என்னை அழைத்துப் போனான். வண்டி அருமை: கரும்பச்சை டேங்க், மறுபெயின்ட் தொடாத அசல் வண்டி. பையனுக்கு மூச்சே வரவில்லை. நான் சேஸிஸ் நம்பரைத் தேடினேன். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துக் குழாயில் அடித்திருப்பார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், எழுத்துகளின் ஆழம் ஒன்றுபோல இருக்கிறதா, சுற்றி இருக்கும் உலோகம் அரம் போட்டு இழைத்ததுபோல வழவழவென்று இருக்கிறதா என்று தெரியும். மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. என்ஜின் நம்பர் பொருந்தவில்லை. வீட்டுக்காரர் அதிர்ந்துபோனார், எப்போதோ ஒரு மிஸ்திரி கிராங்க் கேஸையே மாற்றியிருக்கிறார், அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். இதில் திருட்டு ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்.சி.யில் திருத்தாமல் வண்டி கைமாறாது. பையன், "சின்ன விஷயம்தானே மாமா?" என்றான். "பேல்தலா ஆபீஸ்ல போய்ச் சொல்லு, சின்ன விஷயமான்னு அவங்க சொல்லுவாங்க" என்றேன்.

பேல்தலாதான் இங்கே மோட்டார் வாகன அலுவலகம். அங்கே கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: இந்த வயது வண்டியை இன்று புதுப்பித்துத் தருகிறீர்களா? கொல்கத்தாவில் பழைய வண்டிக்கும் நீதிமன்றத்துக்கும் நீண்ட உறவு. 2008-ல் உயர் நீதிமன்றம் 1993-க்கு முந்தைய வணிக வாகனங்களை விலக்கச் சொல்லி, டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களை எல்.பி.ஜி.க்கு மாற்ற வைத்தது. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கொல்கத்தாவிலும் ஹௌராவிலும் 15 வருடம் கடந்த வாகனங்களை ஆறு மாதத்துக்குள் விலக்க வேண்டும் என்றது. உத்தரவுக்கும் நடைமுறைக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியின் அகலம் வருடத்துக்கு வருடம் மாறும். கவுன்ட்டரில் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. கட்டணமும் ஏறிவிட்டது: 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 2,000 ரூபாய்.

'விண்டேஜ் வண்டிதானே, அதற்குச் சலுகை இருக்கிறதே' என்று சிலர் வாதிடுகிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடம் ஆன, பெரிதாக மாற்றப்படாத வண்டிதான் விண்டேஜ். அதற்குத் தனி நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி. அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எஸ்கார்ட்ஸின் முதல் ஆர்.டி.க்கே 2033-ல்தான் 50 நிறையும். அதுவரை, சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய வண்டி.

காகிதம் சரி என்றால்தான் நான் வண்டியைத் தொடுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பேசிக்கொண்டே சிலிண்டரின் இதழ்களில் உள்ளங்கையை வைத்துவிடுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடலாம். காலையில் ஆறிக் கிடக்கும் டூ ஸ்ட்ரோக்கைக் கிக் அடித்துக் கிளப்பும்போதுதான் அதன் உண்மை வெளியே வரும். மிஸ்திரியை வைத்து முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பவர் எதையோ மறைக்கிறார். அல்லது குறைந்தபட்சம், உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று நம்புகிறார். இரண்டும் நமக்கு உதவாது.

கிளம்பியதும் புகை வரும். அது தவறில்லை, டூ ஸ்ட்ரோக் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். சில நிமிடத்தில் குறைய வேண்டும். குறையாமல் அடர்ந்த நீலப் புகை வந்துகொண்டே இருந்தால், கியர்பாக்ஸ் ஆயில் கிராங்க் அறைக்குள் இழுபடுகிறது என்று அர்த்தம். ஆர்.டி.யில் கிளட்ச் வலப்புறம். அந்தப் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. இது புகையைக் காட்டி நம்மை எச்சரித்துவிடும். ஆபத்தானது இடப்பக்க சீல். அங்கே ஆயில் இல்லை, ஜெனரேட்டர் இருக்கிறது. சீல் காய்ந்து வெடித்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை மெலியும். கலவை மெலிந்தால் சூடு ஏறும், ஒரு நாள் நல்ல வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் நின்றுவிடும். 'ராபிட் டெத்' என்று இந்த வண்டிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் ஓட்டுகிறவர்களின் இளமைக்குப் பங்கு இருப்பதுபோல, இந்தச் சின்ன ரப்பர் வளையத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆக்சிலேட்டரை முறுக்கிச் சட்டென்று விடுங்கள். என்ஜின் சத்தம் உடனே கீழே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே தொங்கி, யோசித்துக்கொண்டு இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. இடப்பக்க மூடியைக் கழற்றி, சீல் இருக்கும் இடத்தில் ஸ்பிரே எண்ணெயைக் கொஞ்சம் அடித்தால் ஐடிலிங் மாறும். மாறினால் சந்தேகமே வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே வருடக் கணக்கில் நின்ற வண்டியில் இந்த சீல்கள் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிராங்கைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். பிரிக்கும்போது பேரிங், கனெக்டிங் ராட் எல்லாம் பேச ஆரம்பிக்கும். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிலிண்டரும் சமமாக வேலை செய்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே சிலிண்டரில் ஓடும் ஆர்.டி.கூட, முதல் தடவை ஓட்டுகிறவனுக்கு வேகமாகத்தான் தோன்றும். கிளம்பிய ஒரு நிமிடத்தில் இரு சைலன்சர் கழுத்திலும் சொட்டு நீர் தெளியுங்கள்; ஒன்றில் சீறி, மற்றதில் சும்மா வழிந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி அருகருகே வையுங்கள். இளம் பழுப்பு நல்லது. வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. ரீபோர் எத்தனை தடவை ஆனது என்று கேளுங்கள். 64 மி.மீ. போர், கால் மி.மீ. கால் மி.மீ. ஆகக் கடைந்து ஒரு மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் ஸ்லீவ்தான். ஆயில் பம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அதைப் பிடுங்கிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவார்கள். தவறில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் அதே நாளில் என்ஜின் போய்விடும்.

இந்த ஊரில் தண்ணீரையும் மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் சுமார் 250 மி.மீ. மழை கொட்டியது; ஆம்ஹெர்ஸ்ட் ஸ்ட்ரீட், டன்டனியா பக்கமெல்லாம் சாதாரண மழைக்கே இடுப்பளவு நிற்கும். மூழ்கி எழுந்த வண்டியைக் கழுவித் துடைத்து விற்பார்கள். ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்து ஒயர்களுக்கு நடுவே வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் வெளுத்துப் பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே துரு பல்லைக் காட்டும். பெட்ரோலில் இப்போது 20 சதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கரைக்கும், கலவையை இன்னும் மெலியச் செய்யும். கார்புரேட்டரில் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக மாற்றுவதும் எத்தனால் தாங்கும் குழாய் போடுவதும் வாங்கிய வாரமே செய்ய வேண்டிய வேலை.

விபத்து அடையாளம் என் பழைய தொழில். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கீழே ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். நேருக்கு நேர் மோதிய வண்டியில் அது வளையாமல் இருக்காது. கழுத்துக் குழாய்க்கு அருகே வெல்டிங் பொட்டுகள் தடித்துத் தெரிந்தால் அந்த இடத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். பத்தடி பின்னால் தள்ளி நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். டேங்கில் காந்தத்தை ஓட்டினால் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜப்பான் வண்டியின் முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இங்கே டிரம் பிரேக் வைத்தார்கள். சரியாக அட்ஜஸ்ட் செய்தால் மோசமில்லை. ஆனால் ரோட்டில் டிராம் தண்டவாளம் மழையில் மின்னும்போது, 4,000 சுற்றுக்கு மேல் திடீரென்று எழும் அந்த வேகத்தை நிறுத்த அது போதாது. டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் வாகனத்தில் மாற்றம் செய்தால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சோதனை ஓட்டத்தை ஞாயிறு விடியற்காலை ரெட் ரோடில் வைத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டோடு.

ஸ்பேர் பார்ட்ஸுக்கு மல்லிக் பஜார். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொல்கத்தாவுக்கு அது அப்படி. இன்டிகேட்டர் கண்ணாடியில் தொடங்கி முழு என்ஜின் வரை தொங்கும். 'கம்பெனி மால்' என்று சத்தியம் செய்வார்கள். பிஸ்டனைத் திருப்பி உள்பக்க வார்ப்பைப் பாருங்கள், பிசிறு தெரிந்தால் நகல். கிடைக்காத புஷ், பின், ஸ்பேசரை ஹௌராவில் பெலிலியஸ் ரோடு லேத் பட்டறைகளில் மாதிரி கொடுத்தால் கடைந்து தருவார்கள். கிடைக்காதவை பக்கவாட்டு மூடி, சரியான மீட்டர், அசல் சைலன்சர். ஆகவே மங்கலாக, அழுக்காக, ஆனால் எல்லாம் முழுமையாக உள்ள வண்டி, 'ரீஸ்டோர்' செய்து மினுக்கிய வண்டியைவிட மேல். எல்.டி.யை எல்லாரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்: விலை குறைவு, கையும் குறைவாகப் பட்டிருக்கும், மூன்றரை குதிரைசக்தி குறைந்ததால் இன்றைய கொல்கத்தா நெரிசலில் யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. பணம் அதற்கும் போதாவிட்டால் யெஸ்டி ரோட்கிங் இருக்கிறது. சொந்த மண் பாசம் உள்ளவர்கள் ராணிப்பேட்டையில் என்ஃபீல்டு செய்த ஃப்யூரி 175 எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடலாம்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பாலிசி எளிது: 150-லிருந்து 350 சி.சி. பிரிவில் வருடத்துக்கு 1,366 ரூபாய், வரி தனி. சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு வேண்டுமென்றால்தான் பேச வேண்டியிருக்கும். ஐந்து வருடம் கடந்த வண்டிக்கும் உற்பத்தி நின்ற மாடலுக்கும் அட்டவணை மதிப்பு கிடையாது. கம்பெனியும் நீங்களும் ஒப்புக்கொள்ளும் தொகைதான். எல்லாப் பக்கத்திலிருந்தும் படம், பில்கள், ஒரு சர்வேயரின் மதிப்பீடு இவற்றைக் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்கு லட்சம் கொடுத்த வண்டிக்குப் பாலிசியில் பதினைந்தாயிரம் என்று இருக்கும். மாசுச் சான்றுக்குப் பயப்பட வேண்டாம்; 2000-க்கு முந்தைய இரு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை இடமுண்டு. நல்ல நிலையில் உள்ள ஆர்.டி. தேறிவிடும்.

இங்கே வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இப்போது நிறைய. பேல்தலாவில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, ஊர் போய் 12 மாதத்துக்குள் மறுபதிவு செய்ய வேண்டும். அங்கே சாலை வரி தனி. வண்டியை ரயில் பார்சலில் அனுப்பலாம். சென்னை மெயிலுக்கு ஹௌரா, கோரமண்டலுக்கு இப்போது ஷாலிமார். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடிக்கச் சொல்வார்கள். பக்கவாட்டில் உள்ள டூ ஸ்ட்ரோக் ஆயில் டேங்கையும் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாய்த்துப் போட்ட இடமெல்லாம் ஒழுகும். பக்க மூடி, இன்டிகேட்டர், பின்பார்க்கும் கண்ணாடி மூன்றையும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கு சுற்றித் தைக்கிற ஆள் பார்சல் ஆபீஸ் வாசலிலேயே இருப்பார். பார்சல் நம்பரைப் பெயின்டால் எழுத ஒருவர் டப்பாவோடு வருவார். டேங்கின் மேல் சாக்கு ஏறிய பிறகு எழுத விடுங்கள்.